தெருவின் வேக வரம்பைக் குறைக்கக் கவுன்சில் கருத்துக் கேட்டால் பதில் எழுதும் முறை

இங்கிலாந்தில் ஒரு தெருவின் வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்க வேண்டுமானால், உள்ளூர் கவுன்சில் அதற்கென ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். பிறப்பிக்கும் முன் அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், எழும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்கவும் வேண்டும் என்பது சட்டம். விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிவைத்த தாளாகவோ, வீட்டுக் கதவு வழியே வந்து விழும் துண்டறிக்கையாகவோ, கவுன்சிலின் இணையதளத்தில் ஒரு படிவமாகவோ அந்த அறிவிப்பு நம்மை வந்தடைகிறது. பிரென்ட், ஹாரோ, நியூஹாம், மெர்ட்டன் என்று லண்டனில் தமிழர் கூடி வாழும் இடங்கள் பல இருந்தும், இத்தகைய அறிவிப்புக்குப் பதில் எழுதுவோர் நம்மிடையே குறைவு என்பதே நான் கண்டது.

எழுதுகிறவர்களிலும் பலர் "நல்ல திட்டம்" என்றோ "தேவையற்ற தொல்லை" என்றோ ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரி கவுன்சிலுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. வாகனங்கள் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்பதை அவர்கள் சாலையின் குறுக்கே ரப்பர் குழாய்களைப் பதித்து அளந்திருப்பார்கள். எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பது காவல்துறைப் பதிவேட்டில் இருக்கும். எந்த நேரத்தில், எந்த வளைவில், யார் சாலையைக் கடக்க அஞ்சி நிற்கிறார்கள் என்பது மட்டும் எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. அது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அந்த அறிவைக் குறித்த நாளுக்குள், தட்டிக்கழிக்க முடியாத வடிவத்தில் கவுன்சிலின் முன் வைப்பது எப்படி என்பதையே இங்கே விளக்குகிறேன். திட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் முறை ஒன்றுதான்.

எந்தக் கட்டம் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

கருத்துக் கேட்பு பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலாவது, கவுன்சில் தானாக விரும்பி நடத்தும் கேட்பு. ஒரு வரைபடத்தையும் சில கேள்விகளையும் வெளியிட்டு, எந்தெந்தத் தெருக்களைச் சேர்க்கலாம், எவற்றை விடலாம் என்று மக்களின் மனநிலையை அறிய முயல்வார்கள். இரண்டாவது, 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரைவு ஆணையை முறைப்படி அறிவிக்கும் கட்டம். இதற்கான நடைமுறையை 1996ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. அவற்றின்படி உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியாக வேண்டும். ஆட்சேபிக்க 21 நாட்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். காவல்துறையையும் உரிய பிற அமைப்புகளையும் கலந்தாலோசிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவதால் பலருடைய குரல் வீணாகிறது. முதல் கட்டத்தில் விரிவாக எழுதியவர், தம் கருத்து அலுவலகத்தில் இருப்பதாக நம்பி இரண்டாம் கட்டத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார். ஆனால் சட்டப்படி பரிசீலித்தே ஆக வேண்டியவை வரைவு ஆணைக்கு எதிராக, அறிவிப்பில் குறித்த நாளுக்குள், அங்கே தந்த முகவரிக்கு, எழுத்து வடிவில், காரணத்தோடு வந்த ஆட்சேபணைகள்தான். ஆகவே முதல் கட்டத்தில் எழுதியிருந்தாலும் இரண்டாம் கட்டத்தில் மீண்டும் எழுதுங்கள். பழைய கடிதத்தையே புதிய அறிவிப்பின் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்தி அனுப்பினாலும் போதும். முதல் கட்டத்தைத் தவறவிடாமல் இருப்பதும் முக்கியம், ஏனெனில் தெருக்களின் பட்டியல் இறுகிப்போவதற்கு முன் அதை மாற்றுவது எளிது.

அரிதாக மூன்றாவது வகை ஒன்றும் வரும். பரீட்சார்த்த ஆணை எனப்படும் அது அதிகபட்சம் 18 மாதங்கள் நடப்பில் இருக்கலாம். அதை நிரந்தரமாக்குவதற்கு எதிரான ஆட்சேபணைகளை முதல் 6 மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பலகைகள் நட்டாகிவிட்டன, இனி எழுதி என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆறு மாதமே கருத்துக் கேட்கும் காலம்.

சாலை யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனின் முக்கியச் சாலைகள் பல, பரோ எனப்படும் அந்தந்த வட்டாரத்தின் கவுன்சிலின் பொறுப்பில் இல்லாமல் லண்டன் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பில் உள்ளன. வேல்ஸின் நிலை வேறு: 2023 செப்டம்பர் 17 முதல் தெருவிளக்குள்ள குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பே 20 மைலாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறக் கோரி 4,60,000க்கும் மேற்பட்டோர் வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு மனுச் செய்தார்கள். அதன் பிறகு அங்கே கேட்கப்படும் கேள்வி, எந்தச் சாலைகளை மீண்டும் 30 ஆக்கலாம் என்பது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் அவற்றுக்குரிய நடைமுறைகள் உண்டு. இங்கே நான் சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை.

ஆவணங்களைப் பெற்று, கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள்

அறிவிப்போடு வரைவு ஆணை, வரைபடம், இந்த மாற்றம் ஏன் தேவை என்று கூறும் காரண அறிக்கை ஆகிய மூன்றும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் காரண அறிக்கையை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறார்கள். என் கணிப்பில், மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டியது வரைவு ஆணையின் பின்னிணைப்பு. ஒவ்வொரு தெருவிலும் புதிய வரம்பு எந்தச் சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் தொடங்கி எங்கே முடிகிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய் நில்லுங்கள். வரம்பு முடியும் புள்ளி பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் அமைந்திருக்கலாம். பூங்காவின் பின்வாசல் விடுபட்டிருக்கலாம். வளைவைத் தாண்டியதும் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டும் இடமாகவே அது இருக்கலாம். அலுவலகத்தில் வரைபடத்தை வைத்துக்கொண்டு கோடு கிழித்தவருக்கு இவை தெரிய வாய்ப்பில்லை. கோட்டை இன்ன இடம் வரை நீட்டுங்கள் என்ற கோரிக்கை, திட்டம் முழுவதையும் பற்றிய எந்தப் பாராட்டையும் கண்டனத்தையும் விடப் பயனுள்ளது.

அடுத்ததாக வேக அளவீட்டைக் கேளுங்கள். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சராசரி வேகம். மற்றொன்று, நூறு வாகனங்களை மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படி நிறுத்தினால் எண்பத்தைந்தாவதாக வரும் வாகனத்தின் வேகம். உள்ளூர் வேக வரம்புகள் குறித்து மத்திய அரசின் போக்குவரத்துத் துறை 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, பலகைகளை மட்டும் நட்டு 20 மைல் வரம்பு கொண்டுவருவது, சராசரி வேகம் ஏற்கெனவே மணிக்கு 24 மைல் அல்லது அதற்குக் குறைவாக உள்ள தெருக்களுக்கே பொருத்தம் என்று கூறுகிறது. இந்த 24 என்ற எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் சராசரி 22 என்றால், வரம்பைக் குறைப்பது பெரும்பாலோரின் தற்போதைய நடத்தைக்குச் சட்டவடிவம் தருவதாகும். எதிர்ப்பவரின் வாதம் அங்கே வலுவிழக்கிறது. சராசரி 29 என்றால், வெறும் பலகையை நம்பி இந்த வேகம் எப்படிக் குறையும் என்று இரு தரப்பினரும் கேட்கலாம். ஆதரிப்பவர் வேகத்தடை, சாலையைக் குறுக்குதல், உயர்த்திய கடவை ஆகியவற்றைக் கோரலாம். எதிர்ப்பவர் அரசின் வழிகாட்டிக்குப் பொருந்தாத திட்டம் என்று எடுத்துக்காட்டலாம்.

குழாய்களை எந்த இடத்தில் பதித்தார்கள், எந்த வாரத்தில் அளந்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். சந்திப்புக்கு மிக அருகில் அளந்தால் வேகம் குறைவாகத்தான் தெரியும். பள்ளி விடுமுறையில் எடுத்த அளவீடு பள்ளி நாளின் நெரிசலைக் காட்டாது.

இவற்றைப் பெறுவதில் காலம்தான் பெரிய தடை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் கவுன்சில் பதில் தர 20 வேலைநாட்கள் எடுத்துக்கொள்ளலாம். சனி ஞாயிறுகளைச் சேர்த்தால் அது நான்கு வாரம். ஆட்சேபணைக்கான 21 நாட்களோ மூன்று வாரம். தகவல் வந்து சேரும்போது கதவு மூடியிருக்கும். எனவே அறிவிப்பைக் கண்ட அன்றே, அதில் பெயர் குறிப்பிட்டுள்ள போக்குவரத்துப் பொறியாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி வேக அளவீட்டையும் காவல்துறை தந்த பதிலையும் கேளுங்கள். சட்டப்படியான கோரிக்கையையும் கூடவே அனுப்பிவையுங்கள். நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். தராவிட்டால், கேட்டும் கிடைக்கவில்லை என்பதைக் கடிதத்திலேயே தேதியோடு பதிவுசெய்யுங்கள்.

விபத்துப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தேசியப் பதிவில் இருப்பவை, ஒருவராவது காயமடைந்து காவல்துறையின் கவனத்துக்கு வந்த விபத்துகள் மட்டுமே. நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்துச் சென்றது, தோட்டச் சுவரில் மோதியது, குழந்தையின் கையைப் பிடித்துக் கடைசி நொடியில் பின்னுக்கு இழுத்தது எதுவும் அதில் இல்லை. ஐந்தாண்டில் ஒரு விபத்தும் பதிவாகவில்லை என்று அறிக்கை சொன்னால், தெரு பாதுகாப்பானது என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். முதியவர்கள் அந்தச் சாலையைக் கடப்பதையே விட்டுவிட்டார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். எது உண்மை என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

அளவீட்டில் வராத நேரங்கள்

நம்மவர்கள் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. பள்ளிப் பாதுகாப்பு என்று கவுன்சில் பேசும்போது திங்கள் முதல் வெள்ளி வரை, காலையும் பிற்பகலுமே கணக்கில் வரும். நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடத்தின் வாசலில், போக்குவரத்துக் காவலரோ கடவைப் பணியாளரோ இல்லாத நேரத்தில், நூற்றுக்கணக்கான சிறுவர்கள் சாலையைக் கடக்கிறார்கள். கோயில்களில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து முதியவர்கள் இருட்டில் நடந்து வருகிறார்கள். திருவிழா நாட்களில் கூட்டம் நடைபாதையில் அடங்குவதில்லை. இவை வார நாள் அளவீட்டில் தோன்றாத நடமாட்டங்கள். வரம்பைத் தீர்மானிக்கும்போது அந்தச் சாலையை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கருத வேண்டும் என்று அரசின் வழிகாட்டியே சொல்வதால், இந்தத் தகவலுக்கு நேரடியான மதிப்பு உண்டு. தமிழ்ப் பள்ளி நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் தத்தம் பெயரில் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

கடைகளில் வேலை முடித்து நள்ளிரவில் பேருந்துக்காகச் சாலையைக் கடப்பவர்கள், உணவு விநியோகத்துக்கு மொப்பெட்டில் செல்லும் மாணவர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஆகியோரும் எழுத வேண்டும். 1996 விதிகளின்படி எவரும் ஆட்சேபிக்கலாம். வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. வாக்குரிமையோ குடியுரிமையோ தேவையில்லை. மாணவர் விசாவில் வந்து வாடகை அறையில் இருப்பவருக்கும் அந்த உரிமை முழுமையாக உண்டு.

கவனித்ததைக் குறித்துவைக்கும்போது நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். வாகன எண்களையும் அண்டை வீட்டாரின் பெயர்களையும் எழுத வேண்டாம். உங்கள் கடிதம் அறிக்கையின் இணைப்பாகப் பொதுவெளிக்கு வரக்கூடும். கைபேசிச் செயலியில் நீங்களே அளந்த வேகத்தைக் கவுன்சில் சான்றாக ஏற்காது. வேகத்தை அளக்க ஆர்வம் இருந்தால், காவல்துறையின் மேற்பார்வையில் தொண்டர்கள் நடத்தும் சமூக வேகக் கண்காணிப்புக் குழுவில் சேரலாம்.

கடிதத்தை எழுதுதல்

தொடக்கத்தில் அறிவிப்பின் தலைப்பையும் எண்ணையும் குறிப்பிடுங்கள். அடுத்து உங்கள் தெருவின் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும், அந்தச் சாலையை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குள் நிலைப்பாடு தெரிந்துவிட வேண்டும்: முழுமையாக ஆதரிக்கிறேன், இன்ன மாற்றத்தோடு ஆதரிக்கிறேன், இன்ன தெருவுக்கு மட்டும் ஆட்சேபிக்கிறேன், முழுமையாக ஆட்சேபிக்கிறேன் என்பவற்றில் ஒன்று. ஆட்சேபணையாக இருந்தால் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். "கவலையாக இருக்கிறது" என்று நயமாக எழுதினால் அதைக் கருத்து என்று மட்டும் வகைப்படுத்திவிட இடம் உண்டு. திட்டத்தை விரும்பினாலும் அதன் ஒரு பகுதி மாற வேண்டும் என்று எண்ணுபவர், அந்தப் பகுதிக்கு ஆட்சேபணை என்று வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

நம் பழக்கத்தில், ஒருவரிடம் குறை சொல்லும் முன் நான்கு வரி பணிவாக எழுதுவோம். அந்த நான்கு வரியை இங்கே விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்து அட்டவணையில் தொகுக்கும் அலுவலர் தேடுவது இடத்தையும் காரணத்தையும் கோரிக்கையையும்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. "எங்கள் தெருவில் வண்டிகள் மிக வேகமாகப் போகின்றன, குழந்தைகளுக்கு ஆபத்து" என்று எழுதினால் அது நூறு கடிதங்களில் ஒன்றாகக் கரைந்துவிடும். அதையே இப்படி எழுதலாம்: "தேவாலயத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கு நாள்தோறும் காலை 8.15க்கும் 8.45க்கும் இடையே என் தாயாருடன் நடந்து செல்கிறேன். அவர் கைத்தடி ஊன்றி நடப்பவர். நிறுத்திய வேன்கள் வளைவை மறைப்பதால், வரும் வாகனத்தைப் பார்ப்பதற்கு முன்பே சாலையில் காலெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. முன்மொழிந்த 20 மைல் வரம்பு இந்த வளைவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதை நிறுத்தத்துக்கு அப்பால் உள்ள சந்திப்பு வரை நீட்டவும், வளைவில் வேன் நிறுத்துவதைத் தடுக்கவும் கோருகிறேன்." இந்தக் கடிதத்துக்கு அலுவலர் தனியாகப் பதில் எழுதியாக வேண்டும், வளைவை நேரில் வந்து பார்க்கவும் வேண்டியிருக்கும்.

வேகத்தைப் பற்றிய பொதுவான வாதத்தையும் சுருக்கமாகச் சேர்க்கலாம். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பின்படி, 20 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 12 மீட்டர் வேண்டும். 30 மைல் என்றால் 23 மீட்டர். அந்தத் தொகுப்பின் எண்களையே வைத்துக் கணக்கிட்டால், 20இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை 30இல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 26 மைலுக்கும் அதிகமாக இருக்கும். அங்கே நிற்பது ஒரு குழந்தை என்றால் இந்த வேறுபாடு என்ன ஆகும் என்பதை விளக்க வேறு சொல் வேண்டாம். நேர இழப்போ மிகச் சிறிது: ஒரு மைல் தொலைவைத் தடையின்றிக் கடக்க 30இல் இரண்டு நிமிடம், 20இல் மூன்று நிமிடம். சிக்னல்களும் சந்திப்புகளும் உள்ள ஊர்ச் சாலையில் நடைமுறை வேறுபாடு அந்த ஒரு நிமிடத்தையும் எட்டுவதில்லை.

ஆதரிப்பவர்கள் சான்றுகளை மிகைப்படுத்திவிடக் கூடாது. பலகைகளை மட்டும் நம்பிய 20 மைல் திட்டங்களைப் பற்றி அரசு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. குடியிருப்புப் பகுதிகளில் இடைநிலை வேகம் 0.7 மைலும் நகர மையங்களில் 0.9 மைலும் மட்டுமே குறைந்ததாக அது கண்டது. ஆகவே நான் 20 மைல் வரம்பை மனமார ஆதரிப்பவன் என்றாலும், பலகையோடு நிற்கும் திட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடச் சொல்ல மாட்டேன். ஆதரித்து எழுதுங்கள், எந்த இடத்தில் வேகத்தடையோ உயர்த்திய கடவையோ வேண்டும் என்பதையும், நடைமுறைக்கு வந்து ஓராண்டு கழித்து அதே இடத்தில் மீண்டும் அளந்து முடிவை வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வேகத்தடைகளுக்கு 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் வேறொரு அறிவிப்பு வரும். இரண்டும் ஒரே தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும் இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்லுங்கள்.

எதிர்ப்பவர்கள் வலுவான காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சராசரி வேகம் வழிகாட்டிக்குப் பொருந்தாதது, பெரிய சாலையில் வரம்பைக் குறைப்பதால் வாகனங்கள் பக்கத்துச் சிறு தெருக்களுக்குள் திரும்பிவிடும் என்ற அச்சம், பேருந்துப் பயண நேரம் ஆகியவை பதிலளித்தே தீர வேண்டிய காரணங்கள். கவுன்சில் அபராதப் பணத்துக்காகச் செய்கிறது என்பது நிற்காத வாதம். வேக மீறலுக்கான அபராதம் மத்திய அரசின் கருவூலத்துக்குப் போகிறது, கவுன்சிலுக்கு வருவதில்லை. ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்பதையும் கவனமாகக் கையாள வேண்டும். அவசரப் பணியில் உள்ள வாகனங்களுக்கு வேக வரம்பிலிருந்து சட்டமே விலக்கு அளிக்கிறது. வேகத்தடை மேடுகள் அவற்றைத் தாமதப்படுத்தும் என்பது நியாயமான கேள்வி. ஆகவே அதை மேடுகளுக்கான அறிவிப்புக்கு எழுதும் பதிலில் எழுப்புங்கள்.

ஆதரவுக் கடிதம் தேவையா என்று சிலர் கேட்பார்கள். பரிசீலிக்க வேண்டும் என்று விதிகள் கட்டாயப்படுத்துவது ஆட்சேபணைகளைத்தான். அதனாலேயே ஆதரிப்பவர்கள் வாளாவிருந்துவிடுகிறார்கள். முடிவெடுக்கும் கவுன்சிலரின் மேசைக்குப் போகும் அறிக்கையில் எதிர்ப்பு மட்டும் பக்கம் பக்கமாக நிறைகிறது. அரசின் வழிகாட்டியும் உள்ளூர் மக்களின் ஆதரவைக் கருதச் சொல்கிறது. எனவே தயங்காமல் எழுதுங்கள்.

ஆங்கிலம் எழுதத் தயங்கும் பெற்றோர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் தமிழில் சொல்வதை அப்படியே கேட்டு, எளிய ஆங்கிலத்தில் எழுதி, அவர்களே கையொப்பமிட்டு அனுப்பச் செய்யுங்கள். அவர்களின் கருத்தை உங்கள் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பதைவிட இது மேல். சாலையைக் கடக்க அதிக நேரம் எடுப்பவர்கள் அவர்கள்தான். மொழிபெயர்ப்பு உதவி வேண்டும் என்று கவுன்சிலிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். முதுமையும் இயலாமையும் உள்ளவர்கள்மீது ஒரு முடிவு எப்படிப் பாதிப்பை உண்டாக்கும் என்பதைக் கருத வேண்டிய கடமை, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் கவுன்சிலுக்கு இருக்கிறது.

கோயிலிலும் கடையிலும் ஒரே வாசகத்தை அச்சிட்டுக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கையெழுத்து மனுவுக்கு அதற்குரிய இடம் உண்டு, கவுன்சிலரின் கவனத்தை ஈர்க்க அது உதவும். ஆனால் ஒரே வாசகம் கொண்ட இருநூறு கடிதங்கள், எண்ணிக்கையில் இருநூறாக இருந்தாலும், வாதத்தில் ஒன்றுதான். பத்துக் குடும்பங்கள் தாங்கள் கண்டதைத் தங்கள் சொல்லில் எழுதினால் பத்து வெவ்வேறு செய்திகள் போய்ச் சேரும்.

அனுப்பிய பிறகு

பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கிப் பாதுகாத்து வையுங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் மக்களைச் சந்திக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பேசினால் இன்னும் நல்லது. அலுவலர் தயாரிக்கும் அறிக்கை கூட்டத்துக்கு முன் வெளியிடப்படும்போது, அட்டவணையில் உங்கள் காரணம் சரியாகச் சுருக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் உடனே எழுதிச் சுட்டுங்கள்.

கருத்துக் கேட்பு முறையாக நடக்கவில்லை என்று தோன்றினால், அதையும் காலத்துக்குள் எழுத்தில் பதிவுசெய்யுங்கள். முடிவு உருவாகும் பருவத்திலேயே கேட்க வேண்டும், சிந்தித்துப் பதில் சொல்லத் தேவையான காரணங்களைத் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருத வேண்டும் என்ற நான்கு நெறிகள் ஆங்கிலேயச் சட்டத்தில் நிலைபெற்றவை. இவை தமிழர் பலர் வாழும் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிராக, பள்ளிகளை மூடுவது தொடர்பாக நடந்த 1985ஆம் ஆண்டு வழக்கில் உருப்பெற்றன. ஹேரிங்கே கவுன்சில் தொடர்பான வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்றது. உங்கள் கடிதத்தில் வழக்கின் பெயரை எழுத வேண்டிய தேவை இல்லை. எந்த நெறி எப்படி மீறப்பட்டது என்பதை எழுதினால் போதும்.

ஆட்சேபணைகளைக் கருதியபின் கவுன்சில் ஆணையை அப்படியே பிறப்பிக்கலாம், திருத்தலாம், கைவிடலாம். திருத்தம் பெரிதாக இருந்தால் பாதிக்கப்படுவோருக்கு அதைத் தெரிவித்து மீண்டும் கருத்துக் கேட்க வேண்டும். முதல் அறிவிப்பு வெளியாகி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்த முன்மொழிவைக் கொண்டு ஆணை பிறப்பிக்க முடியாது. ஆணை பிறந்தால், ஆட்சேபணை முழுமையாக ஏற்கப்படாதவர்களுக்கு 14 நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வராவிட்டால் கேளுங்கள். ஆணை சட்ட அதிகாரத்தை மீறியது அல்லது நடைமுறை மீறப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஆறு வாரங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அது செலவு மிகுந்த பாதை, வழக்கறிஞரின் ஆலோசனையின்றி இறங்கத் தக்கதல்ல.

புதிய பலகைகள் வந்த பின், வேகத்தை முன்பு அளந்த அதே இடத்தில், அதே பருவத்தில், பள்ளி நடக்கும் வாரத்தில் மீண்டும் அளக்கும்படி கவுன்சிலுக்கு எழுதுங்கள். சராசரி 24 மைலுக்கு மேலேயே நின்றால், முதல் கடிதத்தில் கேட்ட உயர்த்திய கடவையையும் வேகத்தடையையும் அந்தப் புதிய எண்ணை முன்வைத்து மறுபடியும் கேளுங்கள்.